எஞ்சினைப் பிரிக்கலாம், முதலில் அளந்து பார்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காரில் ஆர்வம் இல்லாதவர்கள் நடுவில் லேத் பட்டறை பற்றி எழுதியிருப்பதையாவது படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் பத்து நாளாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. இங்கிலாந்தில் கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் பள்ளித் தம்பி ஒருவர் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருக்கிறார். எஞ்சினை வீட்டு காரேஜிலேயே தன் கையால் பிரித்துக் கட்டப் போகிறேன் என்று எழுதினார். உடனே ஆளுக்கொரு யோசனை. ரீகண்டிஷன் செய்த எஞ்சினை வாங்கி மாட்டிவிடு என்றார் ஒருவர். யூடியூபில் எல்லாம் இருக்கிறது, கிட் ஆர்டர் பண்ணு, இரண்டு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்றார் இன்னொருவர். எனக்கு மைத்துனர் முறையாகும் ஒருவர், அவரும் நம் பள்ளியில் படித்தவர்தான், "இவ்வளவு படிச்சு சீமைக்குப் போனது கிரீஸ் துடைக்கவா?" என்று கேட்டார். "சார் சொல்லட்டும்" என்று நான்கைந்து பேர் என்னை இழுத்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் கருத்து: செய்யலாம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் இந்த வேலையில் பிரிப்பதும் பூட்டுவதும் சின்னப் பங்கு. பெரிய பங்கு அளப்பது. அளக்கப் பொறுமை இல்லாதவர் ஸ்பானரைத் தொடாமல் இருப்பது எஞ்சினுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

இயற்பியல் வாத்தியாருக்கு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். வழி வண்டலூர் பக்கமாக வருகிறது. அங்கே ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-லிருந்து ஹெரால்டு கார் செய்தது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஹெரால்டின் எஞ்சினும் ஸ்பிட்ஃபயரின் எஞ்சினும் ஒரே குடும்பம். 1953-இல் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சின்னக் காருக்காக 803 சி.சி. அளவில் பிறந்த எஞ்சின் அது. ஹெரால்டில் 948 சி.சி. ஆனது. 1962-இல் ஸ்பிட்ஃபயர் வந்தபோது 1147, 1967-இல் 1296, 1974-இன் கடைசியில் 1493. இரண்டு காரின் உடலையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரி, பணம் இல்லாமல் தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்ததாம். கம்பெனியை வாங்கிய லேலண்டு ஆட்கள் துணியை விலக்கிப் பார்த்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று. 803-லிருந்து 1296 வரை பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் மாறவே இல்லை, 76 மில்லிமீட்டர்தான். துளையை மட்டும் 58, 63, 69.3, 73.7 என்று அகலமாக்கிக்கொண்டே போனார்கள். அதற்கு மேல் இரும்பில் இடமில்லாததால் 1500-க்கு வீச்சை 87.5 ஆக நீட்டினார்கள். துளை 73.7, வீச்சு 87.5, நான்கு சிலிண்டர். உருளையின் கன அளவைப் போட்டுப் பாருங்கள், 1493 வரும். ஆனால் இவ்வளவு வளர்ந்தும் கிராங் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் கடைசி வரை மூன்றுதான். 803-க்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மாடிக்கு மாடி எழுப்பியது போல. 1500-இன் கீழ்ப்பகுதி சீக்கிரம் தேயும் என்ற பெயர் அதனால்தான் வந்தது.

என் ஹெரால்டின் எஞ்சினை வீட்டுக் கொட்டகையில் ஒரு முறை முழுதாகப் பிரித்துக் கட்டியவன் நான். கூட இருந்தவர் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

தம்பி, முதலில் எஞ்சினைப் பிரிக்காதே. அது ஓடுகிறது என்றால் ஓடும்போதே விசாரி. கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்கு. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார். எண் எவ்வளவு என்பதைவிட நான்குக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். எது குறைவோ அதில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி பார். எண் ஏறினால் ரிங்கும் துளையும் தேய்ந்திருக்கின்றன, எண்ணெய் தற்காலிகமாக இடைவெளியை அடைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ. அப்போது ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், ஒரு நாள் வேலை. காய்ச்சலுக்கு வயிற்றை அறுப்பார்களா?

வால்வு பற்றி ஒரு விஷயம். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம் ஒரு பாதுகாப்பு. இங்கிலாந்திலும் சரி, இந்தியாவிலும் சரி, 2000-ஆம் ஆண்டோடு அது போய்விட்டது. பழைய ஹெட்டில் கெட்டியான சீட் போடாமல் வேகமாக ஓட்டிக்கொண்டே இருந்தால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்குள் இறங்கும். அடையாளம் என்னவென்றால் டேப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். சத்தம் குறைந்துவிட்டது, எஞ்சின் நன்றாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அடுத்து வால்வு எரியும்.

இந்த எஞ்சினுக்கே உரிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய். பானெட்டைத் திற. (ஸ்பிட்ஃபயரிலும் ஹெரால்டிலும் முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்து வேலை செய்யலாம். இன்றைய கார்களில் பல்பு மாற்றவே கை நுழைவதில்லை.) எஞ்சினை அணைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல். நீ கிராங் புல்லியையே பார்த்துக்கொண்டிரு. மிதிக்கும்போதெல்லாம் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்கிறதா? நகர்ந்தால் பின் மெயின் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும் அரைவட்டத் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங் ஷாஃப்டை முன்னால் தள்ளும் விசையை இந்தச் சின்ன வாஷர்தான் வாங்கிக்கொள்கிறது. ரொம்பத் தேய்ந்தால் இடத்தைவிட்டுக் கழன்று கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். பிறகு கிராங் நேராக பிளாக்கின் இரும்பையே அரைக்கும். பிளாக்கும் கிராங்கும் சேர்ந்து போகும். பாலிஷ், பெயின்ட், குரோம் என்று எத்தனை செலவழித்தாலும் இதைப் பார்க்காமல் செய்தால் வீண். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். படம் எடுத்துப் போட வெளிப்புறம்தானே வசதி!

சரி, விசாரித்தாயிற்று, முழுதாகப் பிரிக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தது. பிரிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கையேட்டில் இருக்கிறது. அங்குல ஸ்பானர் வேண்டும், 7/16, 1/2, 9/16. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பானர் போட்டால் பிடிப்பது போலத்தான் இருக்கும், இறுகின நட்டில் முனையை மழுக்கிவிட்டுப் போகும். எஞ்சினைத் தூக்க செயின் பிளாக் வேண்டும். இடுப்பை நம்பாதே.

எது எங்கிருந்து வந்ததோ அங்கேயேதான் திரும்பிப் போக வேண்டும். கனெக்டிங் ராடின் மூடியும் மெயின் பேரிங் மூடியும் அந்தந்த இடத்தில் சேர்த்து வைத்துக் கடைந்தவை, ஒன்றை இன்னொன்றில் போடக் கூடாது. எட்டு டேப்பட்டும் அப்படியே, ஒவ்வொன்றும் தன் கேமோடு பழகிப் பழகித் தேய்ந்தது. அவற்றை வரிசை மாறாமல் வைக்க நான் பயன்படுத்தியது பழைய இட்லித் தட்டு. வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கியதுதான். அது இன்று வரை சமையலறைக்குத் திரும்பவில்லை.

இனி அளப்பது. கிட் வாங்கச் சொன்னவரோடு நான் முழுதாக முரண்படுகிற இடம் இதுதான். ஐம்பது வயதான எஞ்சினை உனக்கு முன்னால் எத்தனை பேர் பிரித்தார்களோ தெரியாது. கிராங்கை ஏற்கனவே ஒருவர் சாணை பிடித்திருக்கலாம். பழைய பேரிங் ஓட்டின் முதுகைத் திருப்பிப் பார், ஸ்டாண்டர்டு என்றோ 010, 020 என்றோ பொறித்திருக்கும். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் ஒரு தௌ என்பார்கள், தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பத்து தௌ கடைந்த கிராங்குக்கு ஸ்டாண்டர்டு பேரிங் வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரிக்காமல், அளக்காமல் பாகம் ஆர்டர் செய்வது, விடைத்தாளைத் திருத்தும் முன் மார்க் போடுவது மாதிரி.

துளையை எடுத்துக்கொள். அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும் இதற்கு. வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது கனெக்டிங் ராடு நேராக நிற்பதில்லை, சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வால் விசையின் ஒரு கூறு பிஸ்டனைப் பக்கவாட்டில் சுவரோடு அழுத்துகிறது. மேலே வெப்பமும் அழுத்தமும் மிக அதிகம். போதாததற்கு, உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது, வேகம் இல்லாத இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்காது. அதனால் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்துக்குக் கீழே பள்ளமும், ரிங் எட்டாத உச்சியில் ஒரு விளிம்பும் உண்டாகின்றன. விரல் நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தால் தட்டும். பழைய ரிங் அந்த விளிம்போடு சேர்ந்தே தேய்ந்து பழகியிருக்கும். புது ரிங்கின் முனை கூர்மையானது, விளிம்பில் போய் மோதி உடையும். "புது ரிங் போட்டேன், ஆயிரம் மைலில் பழையபடி புகை" என்று புலம்புகிறவர்கள் பலருடைய கதை இதுதான்.

போர் கேஜ் விலை கூடுதல். அது இல்லாமலே அளக்க ஒரு வழி சொல்கிறேன். ரிங் ஒன்றை மட்டும் துளைக்குள் போட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து அதை மட்டமாகத் தள்ளு. அதிகம் தேய்ந்த மேல்பகுதியில் ரிங் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அள. பிறகு தேயாத அடிப்பகுதிக்குத் தள்ளி அங்கே அள. மேலே 25 தௌ, கீழே 10 தௌ என்று வைத்துக்கொள். வித்தியாசம் 15. இது சுற்றளவின் வித்தியாசம். விட்டம் வேண்டுமானால் பையால் வகு, 15-ஐ 3.14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 தௌ. மேலே துளை அவ்வளவு அகலமாகிவிட்டது என்று பொருள். அந்த அளவுக்கு வந்துவிட்டால் நான் ரீபோருக்குத்தான் போவேன், புது ரிங்கில் காசு போட மாட்டேன். வட்டத்தின் சுற்றளவு எதற்கு சார் உபயோகப்படும் என்று கேட்ட மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் இருந்தார்கள். இதோ!

அளந்ததை எல்லாம் நோட்டில் எழுது. சிலிண்டருக்கு மேல், நடு, கீழ் என மூன்று உயரம், குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று என இரண்டு திசை. கிராங்கின் ஒவ்வொரு ஜர்னலுக்கும் இதே போல மைக்ரோமீட்டரில் இரண்டு திசை. வட்டமாக இருக்கிறதா, முட்டையாகிவிட்டதா என்று அப்போதுதான் தெரியும். அந்த நோட்டோடு லேத் பட்டறைக்குப் போ.

ஆம், பட்டறைக்குப் போயாக வேண்டும். துளை கடைவதும், கிராங்கைச் சாணை பிடிப்பதும், கெட்டியான வால்வு சீட் பதிப்பதும் காரேஜில் நடக்காது. எல்லாமே வீட்டில் செய்யலாம், மெக்கானிக் எதற்கு என்கிற புதுப் பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. என் ஹெரால்டின் துளையைக் கடைந்தவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். பிஸ்டனை முதலில் கொண்டு வா, அதை அளந்து பார்த்துத்தான் துளை போடுவேன் என்றார். பெட்டி மேல் போட்டிருக்கும் அளவை அவர் நம்புவதில்லை. நான் ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காகப் பிழை, நுண்மை என்று எழுதிப் போட்ட பாடம் அவருக்குக் கையில் இருந்தது.

ஆசிரியர் அறையில் ஒரு வாசகம் உண்டு. உங்களில் பாதிப் பேர் காதில் விழுந்திருக்கும். "படிக்கலைன்னா மெக்கானிக் செட்டுக்குத்தான் போவே." நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அதோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் மெக்கானிக்கைத் தோற்றுப்போனவன் ஆக்கியது. படித்தவனைக் கையில்லாதவன் ஆக்கியது. இந்தப் பதிவைப் படிக்கிறவர்களிலேயே பட்டறை வைத்திருக்கும் நம் மாணவர்கள் இருக்கிறார்கள். வட்டி கட்டி மெஷின் வாங்கி, நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள். அவர்களிடம் போய் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிற அதே நாம், ஏ.சி. ஷோரூமில் லேபர் சார்ஜ் என்று போட்டதைக் கேள்வி கேட்காமல் கட்டுகிறோம். மைத்துனரே, கோபித்துக்கொள்ள வேண்டாம். கிரீஸ் கழுவினால் போய்விடும்.

மரியாதை வேறு, சரிபார்ப்பது வேறு. என் கிராங்கைச் சாணை பிடிக்கக் கொடுத்தது வேறொரு பட்டறையில். பளபளவென்று வந்தது. மெயின் ஜர்னலிலிருந்து ராடு ஜர்னலுக்கு எண்ணெய் போகச் சாய்வாக ஒரு துளை உண்டு. பட்டறைப் பெரியவர் சொன்னபடி அதற்குள் மண்ணெண்ணெய் விட்டுக் கம்பி பிரஷால் குத்தியபோது சாணைத் தூள் கறுப்பு மணல் போல விழுந்தது. அப்படியே பூட்டியிருந்தால் எண்ணெயோடு சேர்ந்து முதலில் போயிருப்பது புது பேரிங். யாரிடமிருந்து வந்தாலும், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், பூட்டும் முன் நீ ஒரு முறை கழுவு.

ரீகண்டிஷன் எஞ்சின் வாங்கு என்றவருக்கு: நல்ல பட்டறையின் எஞ்சின் என்றால் தப்பில்லை. ஆனால் அளவுத் தாள் கேளுங்கள், துளை எவ்வளவு, கிராங் எவ்வளவு, த்ரஸ்ட் இடைவெளி எவ்வளவு என்று. எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். பெயின்ட் அடித்த எஞ்சினும் பிரித்துக் கட்டிய எஞ்சினும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் இருக்கும். காசுக் கணக்கைப் பற்றியும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் செய்தால் மிச்சம் என்பதெல்லாம் சும்மா. மைக்ரோமீட்டர், டயல் கேஜ், டார்க் ரெஞ்ச் என்று கருவிக்கே கணிசமாகப் போகும், லேத் செலவு தனி. லாபத்துக்காகச் செய்வதென்றால் வேண்டாம்.

பூட்டும்போது த்ரஸ்ட் வாஷரின் பள்ளக் கோடுகள் கிராங்கைப் பார்த்து இருக்கட்டும், பிளாக்கைப் பார்த்து அல்ல. பூட்டியதும் டயல் கேஜ் வைத்துக் கிராங்கை முன்னும் பின்னும் தள்ளி அள. கையேட்டு அளவைவிட அதிகமென்றால் தடிமன் கூடிய வாஷர் கிடைக்கிறது, வாங்கிப் போடு. டார்க் ரெஞ்சை எடுக்கும் முன் மரையைச் சுத்தம் செய். நீ முறுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மிச்சம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வில் போகிறது. துரு பிடித்த மரையில் ரெஞ்ச் சரியான எண்ணைத்தான் காட்டும், போல்ட்டு தளர்வாக இருக்கும். டேப்பட் வைக்க ஒன்பது விதி: வால்வுகளை முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிக்கொள். எது முழுதாகத் திறந்திருக்கிறதோ அதை ஒன்பதிலிருந்து கழி, வரும் எண்ணுள்ள வால்வுக்கு இடைவெளி வை. குளிர்ந்த எஞ்சினில் 10 தௌ. எரியும் வரிசை 1-3-4-2.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் பிளக் எல்லாம் கழற்றிய நிலையில் ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்று, எண்ணெய் விளக்கு அணையும் வரை. அணைந்த பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும். இந்தக் காரில் ஆயில் ஃபில்ட்டர் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும், நிறுத்தியதும் எண்ணெய் வடிந்துவிடும், காலையில் கடகடவென்று சத்தம் வரும். வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்ட்டராகப் பார்த்து வாங்கு. கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதே. புது கேமும் டேப்பட்டும் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாதே, 2000 சுற்றுக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் ஓடட்டும்.

அந்த இருபது நிமிடம் பற்றி நம் பட்டறைத் தம்பிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து இருப்பது எனக்குத் தெரியும். ஹெரால்டு, ஃபியட், அம்பாஸடர் எஞ்சின் கட்டியவர்கள் கீழே எழுதுங்கள். எந்த எண்ணெய் போட்டீர்கள், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் கவென்ட்ரி பக்கத்துத் தம்பிக்கு உபயோகமாக இருக்கும்.